கம்பியில்லாத் தொடர்பில் கம்பிதான் சிக்கல்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம். "ரேடியோ மாட்யூலைப் போர்டில் இணைத்தேன், புரோகிராம் ஏற்றினேன், ஒன்றும் வரவில்லை." அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதழ் முழுக்க ரேடியோவுக்கே கொடுத்துவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கோபங்களை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

கேள்வி: அம்மா, ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் (சிறு கணினிச் சில்லு) போர்டில் என்.ஆர்.எஃப்.24 ரேடியோ மாட்யூலை இணைத்து, லைப்ரரியோடு (ஆயத்தக் கோட் தொகுப்பு) வந்த உதாரணப் புரோகிராமை அப்படியே ஏற்றினேன். அனுப்பும் பக்கம் 'தோல்வி, தோல்வி' என்று ஓடுகிறது. வாங்கும் பக்கம் பேச்சே இல்லை. வயரிங்கைப் பத்து முறை பார்த்துவிட்டேன். மூன்று மாட்யூல் மாற்றிவிட்டேன். சுற்றிலும் வைஃபை நிறைய இருக்கிறது. அதன் இடைஞ்சலாக இருக்குமோ? (பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவர்)

பதில்: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, நானும் அந்தக் கூடத்தைப் பல வருடம் திட்டியவள்தான். வைஃபை இடைஞ்சல் செய்தால் சில பாக்கெட் (ஒரு தடவையில் போகும் தகவல் பொட்டலம்) வரும், சில தொலையும். ஒன்றுகூட வரவில்லை என்றால் கோளாறு காற்றில் இல்லை, உங்கள் மேஜை மேல் இருக்கிறது.

நீங்கள் செய்த தப்பு இரண்டு ரேடியோவை ஒரே நேரத்தில் எழுப்பப் பார்த்தது. ஒரு மாட்யூலுக்கு ஏழு வயர், இரண்டுக்குப் பதினாலு. இரண்டு போர்டு, இரண்டு புரோகிராம், இரண்டு மின்சப்ளை. இதில் எது கெட்டாலும் கிடைப்பது ஒரே மௌனம். ஒரு போர்டையும் அதன் மாட்யூலையும் ஜோடியாக எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் ஒன்றை மட்டும் பார்ப்போம்.

முதலில் மின்சாரம். இந்தச் சில்லு 1.9 முதல் 3.6 வோல்ட் வரைதான் தாங்கும். ஐந்து வோல்ட்டில் செருகியிருந்தால் அதற்கு இரங்கல் தெரிவித்துவிட்டு வேறு எடுங்கள். (சிக்னல் பின்கள் ஐந்து வோல்ட் தாங்கும், மின்சப்ளைப் பின் தாங்காது. பலர் குழம்புவது இங்கேதான்.) ஊனோவின் 3.3 வோல்ட் பின் தரக்கூடியது 50 மில்லி ஆம்பியர். சாதாரண மாட்யூல் சிக்னலைக் கேட்கும்போது 13.5, முழு பலத்தில் அனுப்பும்போது 11.3 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும், போதும். ஆனால் குச்சி ஆன்டெனா திருகிய பெரிய மாட்யூல், உள்ளே சிக்னல் பெருக்கி வைத்தது, அனுப்பும்போது நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் கேட்கும். அதற்கு ஊனோவின் பின் போதாது, தனி ரெகுலேட்டர் (வோல்டேஜை நிலையாக வைக்கும் பாகம்) வேண்டும்.

எந்த மாட்யூலாக இருந்தாலும், அதன் மின்சப்ளைப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேமித்துவைத்துச் சட்டென்று தரும் பாகம்) ஒன்றை மாட்யூலின் காலிலேயே ஒட்டிச் சால்டர் வையுங்கள். பிரெட்போர்டின் (வயர்களைச் செருகும் சோதனைப் பலகை) அந்தக் கோடியில் வைப்பது வைக்காததற்குச் சமம். ரேடியோ தூக்கத்திலிருந்து எழும்போது மின்னோட்டம் சில மைக்ரோ செகண்டில் எகிறும். மெல்லிய ஜம்பர் வயர் வழியாக அவ்வளவு சீக்கிரம் மின்சாரம் வந்து சேராது, அந்தக் கணத்தில் வோல்டேஜ் குழிந்துவிடும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 3.3 என்றுதான் காட்டும், ஏனென்றால் அது சராசரி சொல்லும் கருவி. உங்கள் மூன்று மாட்யூலும் நல்லவையாகவே இருக்கலாம். குப்பையில் போட்டிருந்தால் எடுத்து வையுங்கள்.

அடுத்தது மாட்யூலோடு பேச்சு. லைப்ரரியைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு எஸ்.பி.ஐ. (போர்டும் மாட்யூலும் வயரில் பேசும் முறை) வழியாக நீங்களே பேசுங்கள். மாட்யூலைப் பேச்சுக்கு அழைக்கும் சி.எஸ்.என். பின்னைப் பூஜ்ய வோல்ட்டுக்குத் தாழ்த்தி, 5 என்ற பைட்டை அனுப்புங்கள். 'ஐந்தாம் ரெஜிஸ்டரைப் படி' என்று அர்த்தம். (ரெஜிஸ்டர் என்றால் சில்லுக்குள் ஓர் எண்ணை வைத்திருக்கும் சின்ன அறை.) நீங்கள் கட்டளை அனுப்பும் அதே நேரத்தில் எதிர்த்திசையில் ஒரு பைட் வரும். அது ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர். புதிதாக மின்சாரம் பெற்ற மாட்யூலில் அது 14. தொடர்ந்து ஒரு வெற்று பைட் அனுப்பினால் ஐந்தாம் ரெஜிஸ்டரின் மதிப்பு வரும், அது 2. சானல் எண்ணின் ஆரம்ப மதிப்பு அதுதான். சி.எஸ்.என். பின்னை உயர்த்திவிடுங்கள். இப்போது அதில் எழுதிப் பாருங்கள். படிக்கும் எண்ணோடு 32 கூட்டினால் எழுதும் கட்டளை. 37, பிறகு 76. மறுபடி படித்தால் 76 வர வேண்டும்.

வந்ததா? அப்படியானால் ஏழு வயரில் ஆறு சரி. ரேடியோவைக் கேட்கவோ அனுப்பவோ வைக்கும் சி.இ. பின் ஒன்றுதான் பாக்கி. 0 அல்லது 255 வந்தால் மாட்யூல் பேசவே இல்லை, மாட்யூலின் பதிலைக் கொண்டுவரும் மிசோ வயரையும் மின்சாரத்தையும் பாருங்கள். 14 வர வேண்டிய இடத்தில் 7 அல்லது 28 வந்தால் பிட் ஒன்று இடம் நகர்ந்திருக்கிறது. எஸ்.பி.ஐ. மோடு பூஜ்யமா என்று பாருங்கள், வேகத்தைக் குறையுங்கள். சில்லு 10 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும், உங்கள் ஜம்பர் வயர் தாங்காது. 1 மெகாஹெர்ட்ஸில் ஆரம்பியுங்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் என் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது. போர்டின் ரீசெட் பொத்தானை அழுத்தினால் மைக்ரோகன்ட்ரோலர்தான் புதிதாகத் தொடங்கும், மாட்யூலுக்கு அது கேட்காது. போன புரோகிராம் எழுதிவைத்த ரெஜிஸ்டர்கள் அப்படியே இருக்கும். 14, 2 என்ற எண்களைப் பார்க்க வேண்டுமானால் யு.எஸ்.பி. வயரையே பிடுங்கிச் செருக வேண்டும்.

மூன்றாவது கட்டம்தான் எனக்குப் பிடித்தது, அலமாரி ஜோடி இதற்கும் வேண்டாம். சில்லின் பெயரில் கூட்டல் குறி உள்ள பதிப்பில் ஒன்பதாம் ரெஜிஸ்டரின் கடைசி பிட், அந்த சானலில் மைனஸ் 64 டி.பி.எம்.முக்கு (ரேடியோ பலத்தின் அளவு) மேல் சத்தம் இருந்தால் 1 ஆகும். ரெஜிஸ்டர் பூஜ்யத்தில் 11 எழுதி மாட்யூலை வாங்கும் நிலைக்குக் கொண்டுவந்து ஐந்து மில்லி செகண்ட் விடுங்கள். பிறகு சானல் 0 முதல் 125 வரை ஒவ்வொன்றாக எழுதி, சி.இ. பின்னை உயர்த்தி, 200 மைக்ரோ செகண்ட் காத்திருந்து, தாழ்த்தி, ஒன்பதைப் படியுங்கள். இதை நூறு சுற்று ஓடவிட்டு, எந்த சானலில் எத்தனை முறை 1 வந்தது என்று அச்சிடுங்கள். பக்கத்து ரவுட்டர் வைஃபையின் ஆறாம் சானலில் இருந்தால் உங்கள் மாட்யூலின் சானல் 37ஐச் சுற்றி ஒரு மேடு எழும்பி நிற்கும். நீங்கள் திட்டிய அதே வைஃபை இப்போது உங்கள் மாட்யூலுக்குக் காது இருக்கிறது என்று சான்று தருகிறது. சி.இ. வயரும் இதில் தேறிவிடும்.

இத்தனையும் முடிந்த பிறகு அலமாரியைத் திறங்கள். இரண்டாவதையும் இதே வரிசையில் சோதித்துவிட்டுத்தான் சேர்த்து ஓட்ட வேண்டும். முகவரி, சானல், வேகம், சி.ஆர்.சி. (பிழை கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண்) நீளம், பேலோடு (பாக்கெட்டில் போகும் தகவல்) நீளம், தானியங்கி ஒப்புகை ('வந்து சேர்ந்தது' என்று சில்லே அனுப்பும் ரசீது) ஆகிய எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்று மாறினாலும் பிழைச் செய்தி எதுவும் வராது, பழைய மௌனம்தான்.

கேள்வி: மேடம், பெருக்கி உள்ள மாட்யூல் இரண்டை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தொடர்பு இல்லை. ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனால் வேலை செய்கிறது. பேய் பிடித்திருக்கிறதா? (பள்ளி ஆய்வக உதவியாளர்)

பதில்: காதருகே வாய் வைத்துக் கத்தினால் வார்த்தை புரியுமா? வாங்கும் பக்கத்துச் சில்லு திணறிப்போகிறது. மேஜைச் சோதனைக்கு அனுப்பும் பலத்தை மிகக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள். சில்லு அளவில் மைனஸ் 18 டி.பி.எம். வரை போகலாம். அறைக்குள் அதுவே அதிகம்.

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பல வருடம் முன்பு மேலதிகாரி முன்னால் செய்துகாட்ட இரண்டு போர்டையும் அழகாக அருகருகே வைத்தேன். ஒரு பாக்கெட்கூடப் போகவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனதும், வெறுப்பில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்குப் போனேன். அங்கே போனதும் விளக்கு சிமிட்டத் தொடங்கியது. திரும்பிப் போய் அவரைக் கூப்பிட்டேனா என்று கேட்காதீர்கள்.

கேள்வி: அம்மா, சென்சர் பக்கம் ஊனோ, வாங்கும் பக்கம் இ.எஸ்.பி.32 என்ற வேறு போர்டு. ஒரே ஸ்ட்ரக்டை (பல தகவலை ஒன்றாகக் கட்டும் அமைப்பு) இரண்டு புரோகிராமிலும் நகலெடுத்து ஒட்டியிருக்கிறேன். பாக்கெட் வருகிறது, ஆனால் உள்ளே குப்பை. சென்சர் எண் மட்டும் சரி. வெப்பநிலை கோடிக்கணக்கில் காட்டுகிறது. இரண்டு பக்கமும் ஊனோ வைத்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. (சொந்தமாகக் கற்றுவரும் தையல் தொழிலாளி)

பதில்: கடைசி வாக்கியத்தை எழுதினீர்களே, பாதி விடையை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். இரண்டு ஊனோவிலும் சரி என்றால் ரேடியோ நிரபராதி.

நீங்கள் அனுப்பியிருந்த ஸ்ட்ரக்டில் ஒரு பைட், இரண்டு இன்ட் (முழு எண்), ஒரு ஃப்ளோட் (தசம எண்). ஊனோவில் இன்ட் என்றால் இரண்டு பைட். ஆக 1, 2, 2, 4, மொத்தம் 9. இ.எஸ்.பி.32இல் இன்ட் நான்கு பைட். போதாததற்கு, நான்கு பைட் எண்கள் நான்கால் வகுபடும் இடத்தில்தான் தொடங்க வேண்டும் என்று கம்பைலர் (புரோகிராமைச் சில்லின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) முதல் பைட்டுக்குப் பின்னால் மூன்று வெற்று பைட் திணிக்கும். 1, 3, 4, 4, 4, மொத்தம் 16. ஒன்பது பைட் துணியைப் பதினாறு பைட் அளவுக்கு வெட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் பைட் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் இருப்பதால் சென்சர் எண் தப்பித்தது.

பாக்கெட்டுக்குள் போகும் எதற்கும் வெறும் இன்ட் எழுதாதீர்கள். இன்ட்16_டி, யுஇன்ட்8_டி என்று அளவைப் பெயரிலேயே எழுதுங்கள். ஸ்ட்ரக்டுக்கு 'பேக்டு' என்ற அடையாளம் கொடுத்தால் கம்பைலர் இடைவெளி விடாது. டபிள் என்ற தசம எண் வகையும் ஆகாது. ஊனோவில் அது நான்கு பைட், அங்கே எட்டு. ஃப்ளோட்டையும் நான் தவிர்ப்பேன். 27.5 டிகிரியை 275 என்று முழு எண்ணாக அனுப்பிவிட்டு மறுபக்கம் பத்தால் வகுங்கள். இரண்டு சில்லும் எண்ணின் சிறிய பைட்டை முதலில் வைப்பவை என்பதால் அந்தத் தலைவலி மட்டும் உங்களுக்கு இல்லை.

இன்னொன்று. ஸ்ட்ரக்டின் முதல் பைட்டாக ஒரு பதிப்பு எண் வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஈரப்பதத்தையும் சேர்ப்பீர்கள், ஒரு போர்டில் மட்டும் புரோகிராமை மாற்ற மறப்பீர்கள். அன்றைக்கு அந்த ஒரு பைட்டின் அருமை தெரியும். ஒரு பாக்கெட்டில் 32 பைட் இடம் இருக்கிறது, அதில் ஒன்று போனால் போகட்டும்.

கேள்வி: இணையத்தில் எல்லோரும் வைஃபையிலிருந்து தப்ப சானல் 108க்கு மேல் போகச் சொல்கிறார்களே, சரியா? (பெயர் வேண்டாம்)

பதில்: எல்லோரும் என்றால்? சானல் எண்ணோடு 2400 கூட்டினால் அதிர்வெண், மெகாஹெர்ட்ஸில். 108 என்றால் 2508. உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று உலகில் பெரும்பாலும் விட்டிருக்கும் பட்டை 2400இல் தொடங்கி 2483.5இல் முடிகிறது. சில்லு 125 வரை போகும் என்பதால் நீங்களும் போகலாம் என்று ஆகாது. 83ஐத் தாண்டாதீர்கள்.

வைஃபையின் பதினொன்றாம் சானலின் மையம் 2462, அதன் கை இரண்டு பக்கமும் சுமார் பத்து மெகாஹெர்ட்ஸ் நீளும். ஆகவே 76ஐ ஒட்டி நல்ல இடம். ஆனால் 80இல் புளூடூத் லோ எனர்ஜியின் அறிவிப்புச் சானல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஆரம்ப மதிப்பான 2ஐ மாற்றாமல் விட்டால் அங்கேயும் அப்படி ஒன்று. மற்றவர்கள் சொல்வதைவிட மேலே சொன்ன நூறு சுற்றுச் சோதனை உங்கள் அறையைப் பற்றி நன்றாகவே சொல்லும்.

கேள்வி: மேடம், ரேடியோ வழியாக ஒரு ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இயக்குகிறேன். பொத்தானை அழுத்தினால் 'மாற்று' என்று ஒரு பைட் போகும். ரிலே ஆனில் இருந்தால் ஆஃப் ஆகும், ஆஃபில் இருந்தால் ஆன். அனுப்புவது தோற்றால் மறுபடி அனுப்பும்படி எழுதியிருக்கிறேன். தூரம் கூடினால் ஒரு முறை அழுத்தியதற்கு ரிலே இரண்டு முறை, சில சமயம் மூன்று முறை தட்டுகிறது. பொத்தான் துள்ளலா (ஓர் அழுத்தல் பல அழுத்தலாகத் தெரிவது) என்று பார்த்தேன், இல்லை. வேகத்தை நொடிக்கு 250 கிலோபிட்டாகக் குறைத்தேன், இன்னும் மோசம். லைப்ரரி இல்லாமல் நானே எழுதிய கோட். (மின்பணியாளர்)

பதில்: இந்த முறை வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதில் இரண்டு தனித்தனிக் கோளாறு ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது.

கடிதம் போய்ச் சேர்ந்தது, ரசீதுதான் வழியில் தொலைந்தது. இதை அனுப்பியவர் எப்படிப் பார்ப்பார்? கடிதமே சேரவில்லை என்றுதான் பார்ப்பார். ரேடியோவில் 'தோல்வி' என்றால் 'சேரவில்லை' என்று பொருள் இல்லை. 'சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது' என்றுதான் பொருள்.

சில்லுக்குள்ளே இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. ரசீது வராவிட்டால் அதுவே அதிகபட்சம் 15 முறை மறுபடி அனுப்பும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் இரண்டு பிட்டில் ஓர் அடையாள எண் இருக்கும். அதுவும் சி.ஆர்.சி.யும் முந்தைய பாக்கெட்டோடு ஒத்துப்போனால், வாங்கும் சில்லு ரசீதை மட்டும் கொடுத்துவிட்டுப் பாக்கெட்டை உங்களிடம் காட்டாமல் தள்ளிவிடும். இதுவரை பத்திரம். ஆனால் சில்லு கைவிட்ட பிறகு உங்கள் கோட் மறுபடி அனுப்புகிறதே, அப்போது அடையாள எண் மாறிவிடும். வாங்கும் பக்கத்துக்கு அது புத்தம் புதுக் கட்டளை. ரிலே தட்டும்.

அதனால் 'மாற்று' என்ற கட்டளையை ரேடியோவில் அனுப்பவே கூடாது. 'ஆன் ஆகு', 'ஆஃப் ஆகு' என்று முடிவு நிலையை அனுப்புங்கள். 'ஆன் ஆகு' என்று பத்து முறை போனாலும் ரிலே ஒரு முறைதான் தட்டும். நிலையாகச் சொல்ல முடியாத வேலை, எண்ணிக்கையைக் கூட்டுவது போல ஏதாவது இருந்தால், பாக்கெட்டில் நீங்களே வரிசை எண் வைத்து, கடைசியாகப் பார்த்த எண் மறுபடி வந்தால் தள்ளிவிடுங்கள்.

இரண்டாவது கோளாறு வேகத்தைக் குறைத்ததில் வந்தது. மறுபடி அனுப்புமுன் சில்லு எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பது நான்காம் ரெஜிஸ்டரில் இருக்கிறது. ஆரம்ப மதிப்பு 250 மைக்ரோ செகண்ட், மூன்று முறை. 250 கிலோபிட் வேகத்தில் ரசீது வந்து சேர அந்த நேரம் போதாது, குறைந்தது 500 வேண்டும். உங்கள் மாட்யூல் ரசீது வந்துகொண்டிருக்கும்போதே பொறுமை இழந்து மறுபடி கத்துகிறது. எல்லாப் பாக்கெட்டும் சேர்கிறது, எல்லாமே தோல்வி என்று பதிவாகிறது. லைப்ரரிகள் இந்த நேரத்தை முதலிலேயே தாராளமாக வைத்துவிடும். சொந்தமாக எழுதுபவர்கள்தான் மாட்டிக்கொள்வோம். 1500 மைக்ரோ செகண்ட், 15 முறை என்று வையுங்கள். அந்த ரெஜிஸ்டரில் எழுத வேண்டிய எண் 95.

சொந்தக் கோட் என்பதால் இன்னொரு பொறி. எல்லா முயற்சியும் தோற்றால் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் ஒரு கொடி ஏறும், அதை இறக்கும்வரை அடுத்த பாக்கெட் போகாது. கொடியை இறக்க அந்த பிட்டில் 1 எழுத வேண்டும், 0 அல்ல. தோற்ற பாக்கெட்டும் சில்லின் வரிசையிலேயே படுத்திருக்கும், அதைத் தனிக் கட்டளையால் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் நேற்று அழுத்திய பொத்தானுக்கு இன்று ரிலே பதில் சொல்லும். மின்பணியாளருக்கு அது எவ்வளவு ஆபத்து என்று தெரியும். ரிலேக்குப் பின்னால் மனிதர்கள் கை வைக்கும் எதுவும் இருந்தால், கையால் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றும் இருக்கட்டும்.

கேள்வி: எச்.சி.05 புளூடூத் மாட்யூலுக்கு ஏ.டி. என்று அனுப்புகிறேன், ஓகே என்று பதில் வரவில்லை. மாட்யூல் போலியா? (மாணவி)

பதில்: பெரும்பாலும் போலி இல்லை. எச்.சி.05 கட்டளை கேட்கும் நிலைக்கு வர, அதன் மேலுள்ள குட்டிப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மின்சாரம் கொடுக்க வேண்டும். விளக்கு இரண்டு செகண்டுக்கு ஒரு முறை நிதானமாகச் சிமிட்டினால் அந்த நிலை. அப்போது வேகம் 38400, சாதாரண நிலையில் வழக்கமாக 9600. கட்டளை முடிவில் கேரேஜ் ரிட்டர்ன், நியூ லைன் இரண்டும் போக வேண்டும், சீரியல் மானிட்டரின் கீழே தேர்ந்தெடுக்கலாம். உங்களிடம் இருப்பது பொத்தானே இல்லாத எச்.சி.06 என்றால் கதை தலைகீழ். அதன் பழைய பதிப்புகளில் வரி முடிவு எதுவும் போகக் கூடாது.

போர்டு அனுப்பும் பின் மாட்யூல் வாங்கும் பின்னுக்குப் போக வேண்டும், ஐந்து வோல்ட் போர்டு என்றால் நேராகப் போகக் கூடாது. நடுவே 1 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் வைத்தால் 3.3 வோல்ட் ஆகிவிடும்.

ஏ.டி. என்றால் அட்டென்ஷன், 'இங்கே கவனி' என்று அர்த்தம். தொலைபேசிக் கம்பியில் கணினிகள் பேசிய காலத்தில், 1981இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடத்தின் பழக்கம் அது. மோடம் போய்விட்டது, கவனிக்கச் சொல்வது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

கேள்வி: ரேடியோவின் ஐ.ஆர்.கியூ. பின்னை (பாக்கெட் வந்ததை அறிவிப்பது) இன்டரப்ட்டில் (ஓடும் வேலையை இடைமறித்து ஒரு ஃபங்ஷனை ஓட்டும் வசதி) கொடுத்து, அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே பாக்கெட்டைப் படித்துவிடலாமா? (மென்பொருள் துறையிலிருந்து வந்தவர்)

பதில்: வேண்டாம். உள்ளே 'வலட்டைல்' (எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்று அடையாளமிட்ட) கொடி ஒன்றை மட்டும் உயர்த்திவிட்டு வெளியே வாருங்கள். படிப்பது மெயின் லூப்பின் (திரும்பத் திரும்ப ஓடும் முக்கியப் பகுதி) வேலை. அந்த நேரத்தில் மெயின் லூப் அதே எஸ்.பி.ஐ. வயரில் வேறு யாரோடாவது பேசிக்கொண்டிருந்தால் நடுவில் புகுந்து கெடுத்துவிடுவீர்கள். பத்து நாளில் ஒரு முறை மட்டும் வரும் கோளாறாகப் பார்த்து வரும் அது.

கேள்வி: அம்மா, இரண்டு பேட்டரியில் ஒரு வருடம் ஓடும் என்று நம்பி சென்சர் செய்தேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பேட்டரி மோசமா? (ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்)

பதில்: ஐயா, உங்களிடம் கணக்கு சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். இரண்டு டபிள்-ஏ பேட்டரியைத் தொடராக வைத்தால் சுமார் 2000 மில்லி ஆம்பியர் மணி என்று வைத்துக்கொள்வோம். ரேடியோ எப்போதும் காது கொடுத்துக்கொண்டிருந்தால் 13.5 மில்லி ஆம்பியர். வகுத்தால் 148 மணி நேரம், ஆறு நாள் சொச்சம். உங்கள் பேட்டரி கணக்குப்படிதான் செத்திருக்கிறது.

பேட்டரியில் ஓடும் சென்சர் கேட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. எழுந்து, அளந்து, அனுப்பிவிட்டுத் தூங்க வேண்டும். 32 பைட் பாக்கெட், முகவரி, சி.ஆர்.சி. எல்லாம் சேர்ந்து 329 பிட். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு மில்லி செகண்டில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். அதை நிமிடத்துக்கு ஒரு முறை செய்தால் பேட்டரிக்குத் தெரியக்கூடத் தெரியாது. முழுத் தூக்கத்தில் சில்லு எடுப்பது 0.9 மைக்ரோ ஆம்பியர். ஆனால் லைப்ரரியில் அதற்கென்று தனி ஃபங்ஷன் இருக்கிறது, கூப்பிட்டால்தான் தூங்கும். கேட்பதை நிறுத்துவது மட்டும் தூக்கம் ஆகாது, அப்போது 26 மைக்ரோ ஆம்பியர் போய்க்கொண்டிருக்கும்.

இவ்வளவு செய்தும் பயனில்லாமல் போகலாம், ஏனென்றால் நீங்கள் முழு ஊனோ போர்டை வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் மின்விளக்கும் யு.எஸ்.பி. சில்லும் ரெகுலேட்டரும் ரேடியோ தூங்கும்போதும் பல மில்லி ஆம்பியர் குடிக்கும். மைக்ரோகன்ட்ரோலர் சில்லை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். ரேடியோ 1.9 வோல்ட் வரை ஓடும் என்பதால் அதற்கு ரெகுலேட்டரே தேவையில்லை.

கேள்வி: மாட்யூல் மேல் விரல் வைத்தால் வேலை செய்கிறது. எடுத்தால் நின்றுவிடுகிறது. நாள் முழுக்க விரல் வைத்துக்கொண்டு உட்கார முடியுமா? (எரிச்சலில் உள்ள வாசகர்)

பதில்: உங்கள் விரல் இரண்டு வேலை செய்கிறது. அமுக்குகிறது, கூடவே உங்கள் உடம்பையும் சர்க்யூட்டில் சேர்க்கிறது. எது பலன் தருகிறது என்று முதலில் பிரிக்க வேண்டும். காய்ந்த மரக் குச்சி ஒன்றை எடுத்து அதே இடத்தில் அதே பலத்தில் அமுக்கிப் பாருங்கள். குச்சிக்கும் வேலை செய்தால் சால்டர் விரிசல் அல்லது தளர்ந்த பின், மறுபடி சுட்டு ஒட்டுங்கள். குச்சிக்கு அசையாமல் விரலுக்கு மட்டும் உயிர் வந்தால் ஏதோ ஒரு பின் எங்கும் இணையாமல் மிதக்கிறது, அல்லது கிரவுண்டு வயர் சரியில்லை, அல்லது முதல் பதிலில் சொன்ன கெப்பாசிட்டர் இல்லை. சி.இ. பின்னிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.

குச்சியா விரலா என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். மீதியை அடுத்த இதழில் பார்த்துக்கொள்ளலாம்.